கிரஹாம் எண்ணால் யாருக்கு என்ன பயன்?

உட்லண்ட்ஸில் இருக்கும் ஒரு தகப்பனார் கேட்டது இது. உயர்நிலை இரண்டில் படிக்கும் மகள், கணிதத்தில் பெயர்பெற்ற மிகப் பெரிய எண்ணான கிரஹாம் எண்ணைப் பற்றி ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு வந்து நின்றாளாம். "பிரபஞ்சம் முழுக்க எழுதினாலும் இடம் பத்தாதாம்பா. எழுதவே முடியாத எண் இருக்குன்னு எப்படிச் சொல்றாங்க? அதை வெச்சு யாரு என்ன செய்யப் போறாங்க?" அவருக்குப் பதில் தெரியவில்லை.

ஐயா, உங்கள் மகள் கேட்டவை இரண்டு நல்ல கேள்விகள். முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: பெரிய எண்ணை மனக்கண்ணில் கொண்டுவரப் பார்த்தால் யாராக இருந்தாலும் தோற்றுத்தான் போவார்கள். கணித அறிஞர்களும் அதைச் செய்வதில்லை. அந்த எண் எந்த விதியிலிருந்து வந்தது என்பதைப் பிடித்துக்கொள்கிறார்கள். விதி கையில் இருந்தால் எண்ணோடு பேரம் பேசலாம், இன்னொன்றோடு ஒப்பிடலாம், அதன் கடைசி இலக்கத்தைக்கூடக் கண்டுபிடிக்கலாம். இரண்டாம் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் நமக்குப் பழகிய அளவிலேயே எவ்வளவு தடுமாறுகிறோம் என்று பாருங்கள். மில்லியன், பில்லியன், டிரில்லியன் என்று செய்தியில் அடுத்தடுத்துக் கேட்கிறோம். மூன்றும் 'ரொம்பப் பெரிசு' என்ற ஒரே பெட்டிக்குள் போய் விழுகின்றன. வினாடியில் அளந்தால் பிரிந்து நிற்கும். ஒரு மில்லியன் வினாடி என்பது பதினொன்றரை நாள். ஒரு பில்லியன் வினாடி கிட்டத்தட்ட 31 ஆண்டு 8 மாதம். 1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் தனி நாடானதிலிருந்து எண்ணினால், இரண்டாவது பில்லியன் 2028 டிசம்பர் கடைசி வாரத்தில்தான் நிறைகிறது. டிரில்லியனோ 31,700 ஆண்டு. அத்தனை ஆண்டுக்கு முன்னால் உலகத்தில் எழுத்தே கிடையாது.

ஆகவே முதல் பாடம், அளவைப் பார்க்காமல் இலக்கங்களை எண்ணுவது. உயர்நிலையில் 'அறிவியல் குறியீடு' என்று 10இன் அடுக்காக எழுதக் கற்றுத் தருவதும், பிறகு மடக்கை (அந்த அடுக்கு எவ்வளவு என்று சொல்வது) என்று வருவதும் இந்த ஒரே வேலைக்குத்தான். நம் ஊருக்கே ஏற்ற ஒரு கணக்கு சொல்கிறேன். 1960களில் இந்தத் தீவின் பரப்பு சுமார் 580 சதுர கிலோமீட்டர். இன்று 730க்கும் மேல். கூடுதலான 150 சதுர கிலோமீட்டரும் கடலைத் தூர்த்து எடுத்தது. (ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு ஆரம்பத்தில் போனது பிடோக், சிக்லாப் பக்கத்து மேடுகளை வெட்டிய மண், நாம் எல்லாவற்றையும் மணல் என்றே வைத்துக்கொள்வோம்.) ஆழம் சராசரியாக 20 மீட்டர், ஒரு மணல் பருக்கை அரை மில்லிமீட்டர் என்று எடுத்தால், மொத்தப் பருக்கைகள் சுமார் 24,000,000,000,000,000,000. வெறும் 20 இலக்கம். சாங்கி விமான நிலையத்தின் அடியிலும் மரினா பே அடியிலும் கிடக்கிற அத்தனை மணலும் ஒரே வரியில் அடங்கிவிட்டது. ஆழத்தை இரு மடங்காக்கினாலும் அதே 20 இலக்கம்தான்.

இப்போது தீபாவளி இரவில் விளையாடுகிற சீட்டுக்கட்டை எடுங்கள். 52 சீட்டுகளை எத்தனை வரிசையில் அடுக்கலாம்? 52 × 51 × 50 என்று 1 வரை பெருக்க வேண்டும். விடை 68 இலக்கம். தீவைத் தூர்த்த மணலுக்கு 20, கைக்குள் அடங்கும் ஒரு கட்டுக்கு 68. பொருள்களை எண்ணினால் எண் மெதுவாகத்தான் பெருக்கிறது. பொருள்களை *அடுக்கும் வழிகளை* எண்ணினால் கட்டுமீறிப் போகிறது. கணிதத்தில் வரும் பேரெண்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. காண்பிக்க இந்த உலகத்தில் அவ்வளவு பொருள் இல்லாததால்தான் அவை பொய்போலத் தோன்றுகின்றன.

இந்த இடத்தில் யாராவது ஒருவர், "நம் முன்னோர் அன்றே இதற்கெல்லாம் பெயர் வைத்துவிட்டார்கள்" என்பார். வைத்தார்கள், உண்மை. பரிபாடலின் இரண்டாம் பாடலிலேயே நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று பேரெண்கள் வரிசையாக வருகின்றன. ஊழிகளின் நீளத்தைச் சொல்ல அவை பயன்பட்டன. அழகான பெயர்கள். ஆனால் பெயர் வைப்பதில் ஓர் இடத்துக்குமேல் சாரமில்லை என்பது என் கருத்து. 1க்குப் பின் நூறு சுழியம் போட்டு 'கூகோல்' என்று பெயர் சூட்டியது அமெரிக்கக் கணித அறிஞர் எட்வர்ட் காஸ்னரின் அண்ணன் மகனோ தங்கை மகனோ, ஒரு சின்னப் பையன். பெயர் பிரபலமாயிற்று, கணிதத்தில் அதற்கு வேலை ஒன்றும் இல்லை. ஆர்க்கிமிடீஸ் செய்தது வேறு. பிரபஞ்சம் முழுவதையும் மணலால் நிரப்பினாலும் 10⁶³ பருக்கைக்கு மேல் போகாது என்று காட்ட வேண்டியிருந்தது அவருக்கு. கிரேக்கர்களிடம் பத்தாயிரத்துக்கு மேல் தனிப்பெயர் இல்லை. அவர் பத்து கோடியை ஓர் அலகாக்கி, அதை ஏணிபோல மேலேற்றும் விதி ஒன்றை அமைத்தார். பெயர்ப் பட்டியல் என்றாவது தீர்ந்துவிடும், விதி தீராது.

கிரஹாம் எண் அந்த வழியில் வந்தது. கணினி அறிவியலாளர் டொனால்ட் கனூத் 1976இல் கொடுத்த அம்புக்குறியை வைத்துச் சொல்கிறேன். கூட்டலைத் திரும்பத் திரும்பச் செய்தால் பெருக்கல். பெருக்கலைத் திரும்பச் செய்தால் அடுக்கு. அதற்கு ஓர் அம்பு. 3↑3 என்றால் 27. அடுக்கைத் திரும்பச் செய்தால் இரண்டு அம்பு: 3↑↑3 என்பது 3இன் அடுக்கு 27, அதாவது 7,625,597,484,987. ஏழரை டிரில்லியனுக்குச் சற்று மேல். இதுவரை வங்கிக் கணக்கில் வரக்கூடிய எண்தான். 3↑↑4 என்றால் 3ஐ அத்தனை டிரில்லியன் தடவை பெருக்க வேண்டும். அந்த எண்ணின் *இலக்கங்கள்* மட்டும் 3.6 டிரில்லியன். மூன்று அம்பு போட்டு 3↑↑↑3 என்றால், 3இன் தலையில் 3, அதன் தலையில் 3 என்று ஏழரை டிரில்லியன் மாடி ஏறும் அடுக்குக் கோபுரம். நான்காவது மாடியிலேயே நாம் தொலைந்துவிட்டோம் என்பதை நினைவில் வையுங்கள். நான்கு அம்பு போட்ட 3↑↑↑↑3தான் முதல் படி. இரண்டாம் படியில், இரண்டு 3களுக்கு நடுவே முதல் படியின் எண் எவ்வளவோ அவ்வளவு *அம்புகள்*. மூன்றாம் படியில் இரண்டாம் படியின் எண் அளவுக்கு அம்புகள். இப்படி 64ஆம் படியில் கிடைப்பது கிரஹாம் எண்.

எழுத முடியாது, சரி. ஆனால் அதன் கடைசி இலக்கம் 7 என்று உறுதியாகச் சொல்லலாம். இதை உங்கள் மகளே சரிபார்க்க முடியும். 3இன் அடுக்குகளை எழுதச் சொல்லுங்கள்: 3, 9, 27, 81, 243, 729. கடைசி இலக்கம் 3, 9, 7, 1 என்று நான்குக்கு ஒருமுறை சுற்றி வரும். ஆக அடுக்கை 4ஆல் வகுத்தால் மீதி என்ன என்பது மட்டும் தெரிந்தால் போதும். கோபுரத்தில் அந்த அடுக்கும் 3இன் ஓர் அடுக்குதான். 3, 9, 27, 81 ஆகியவற்றை 4ஆல் வகுத்தால் மீதி 3, 1, 3, 1 என்று மாறி மாறி வரும். ஒற்றைப்படை அடுக்கென்றால் மீதி 3. கோபுரம் முழுக்க 3களே என்பதால் எல்லாமே ஒற்றைப்படை. மீதி 3 என்றால் சுற்றில் மூன்றாவது இலக்கம், 7. இதே வழியில் இன்னும் இடப்பக்கமாகப் போகலாம். கடைசிப் பத்து இலக்கம் 2464195387 என்று கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். "எழுத முடியாததை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?" என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் நேரடியான பதில் இதுதான். முதல் இலக்கம் என்ன என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது, கடைசி இலக்கத்தில் யாருக்கும் சந்தேகமில்லை.

இனி எதற்கு என்பது. ராம்சே கோட்பாடு என்று ஒரு துறை இருக்கிறது. கூட்டம் போதிய அளவு பெரிதானால் அதற்குள் ஏதோ ஓர் ஒழுங்கு தானாக வந்தே தீரும் என்று காட்டுவது அதன் தொழில். ஒரு விருந்தில் ஆறு பேர் இருந்தால், ஒருவரையொருவர் அறிந்த மூவரோ ஒருவரையொருவர் அறியாத மூவரோ நிச்சயம் இருப்பார்கள். ஐந்து பேர் என்றால் அந்த உறுதி இல்லை. மூவருக்குப் பதில் நால்வர் வேண்டுமானால் 18 பேர் தேவை. ஐவர் என்றால்? 43க்கும் 46க்கும் இடையில் எங்கோ. சரியான விடை இன்னும் தெரியாது. கணினியை விட்டு எல்லாவற்றையும் சோதித்தால் என்ன என்று கேட்கலாம். 43 பேருக்குள் 903 இணைகள். ஒவ்வோர் இணையும் அறிந்தவர், அறியாதவர் என இரண்டில் ஒன்று. மொத்த வாய்ப்புகள் 272 இலக்க எண். 43 பேர் என்பது ஒரு வகுப்பறை!

1970களின் தொடக்கத்தில் ரொனால்ட் கிரஹாமும் புரூஸ் ராத்சைல்டும் எடுத்துக்கொண்டது இதன் பங்காளிக் கேள்வி. ஒரு கனசதுரத்தின் 8 முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் சிவப்போ நீலமோ பூசுங்கள். ஒரே தளத்தில் இருக்கும் ஏதாவது நான்கு முனைகளுக்கு இடையிலான ஆறு கோடுகளும் ஒரே நிறமாகிவிடக் கூடாது. முப்பரிமாணத்தில் இப்படித் தப்பிக்கலாம். பரிமாணத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஏதோ ஓர் இடத்தில் தப்பிக்க வழியே இல்லாமல் போகும் என்று இருவரும் நிரூபித்தார்கள். எந்த இடத்தில்? அதற்கு ஒரு மேல்வரம்பு கொடுக்க வேண்டும். கிரஹாம் எண் அப்படி ஒரு மேல்வரம்பு: "என்ன ஆனாலும் இதற்குள் நடந்துவிடும்." 1977இல் மார்ட்டின் கார்ட்னர் ஒரு பத்திரிகைப் பத்தியில் எழுதியதால் அது உலகப் புகழ் பெற்றது. இருவரும் 1971 ஆய்வுக் கட்டுரையில் கொடுத்த வரம்பு இதைவிடச் சிறியது. விளக்குவதற்கு எளிதாக இருக்கட்டும் என்றுதான் கார்ட்னரிடம் இந்தப் பெரிய எண் போனது.

மறுமுனையில் என்ன தெரியும்? 12 பரிமாணம் வரை தப்பிக்கலாம் என்று காட்டியிருக்கிறார்கள், ஆகவே விடை 13 அல்லது அதற்கு மேல். மேல்வரம்பை 2014இல் 2↑↑↑6க்குக் கீழே இறக்கிவிட்டார்கள்; அதுவும் எழுத முடியாதது, ஆனால் கிரஹாம் எண்ணின் பக்கத்தில் ஒன்றுமில்லை. உண்மையான விடை 13ஆகவே இருக்கக்கூடும். 13 பரிமாணக் கனசதுரத்தில் 8,192 முனைகள், 33,550,336 கோடுகள். (அந்த எண் ஐந்தாவது செவ்விய எண்ணும்கூட, தன்னைத் தவிர்த்த தன் வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும். அழைக்காமல் வந்த விருந்தாளி.) நிறம் பூசும் வழிகளின் எண்ணிக்கைக்குப் பத்து மில்லியனுக்கு மேல் இலக்கங்கள். எந்தக் கணினியும் தொட முடியாது.

இதில் பயன் எங்கே என்றால், முடிவில்லாத தேடலை முடிவுள்ளதாக மாற்றியதுதான். "என்றாவது நடக்குமா?" என்று திகைத்து நின்ற கேள்வி, "இதற்குள் எப்போது?" என்று மாறிவிட்டது. வரம்பு எவ்வளவு அபத்தமாகப் பெரிதாக இருந்தாலும், வரம்பு ஒன்று இருப்பதே செய்தி. பிறகு வருகிறவர்கள் அதைச் செதுக்கிக்கொண்டே வருவார்கள்.

செதுக்கினால் எவ்வளவு குறையும் என்பதற்கு ஸ்கியூஸ் எண் நல்ல சாட்சி. ஓர் எண் வரை எத்தனை பகா எண்கள் என்பதற்கு கணித அறிஞர் காஸின் காலத்திலிருந்தே ஒரு மதிப்பீடு உண்டு. ஒரு மில்லியன் வரை உள்ள பகா எண்கள் 78,498, மதிப்பீடு 78,628. ஒரு பில்லியன் வரை பார்த்தாலும் மதிப்பீடு சற்றுக் கூடுதல். எங்கே பார்த்தாலும் கூடுதல். இன்று 10¹⁹ வரை சரிபார்த்துவிட்டார்கள். அதுவரை ஒருமுறைகூட மாறவில்லை. எந்த அறிவியலாளரும் இவ்வளவு சான்று கிடைத்தால் விதி என்று எழுதிவிடுவார். ஆனால் 1914லேயே ஆங்கிலேயக் கணித அறிஞர் லிட்டில்வுட், இது மாறும், எண்ணற்ற முறை மாறி மாறி நடக்கும் என்று நிரூபித்துவிட்டார். எங்கே என்று மட்டும் சொல்லவில்லை. அவருடைய மாணவர் ஸ்டான்லி ஸ்கியூஸ் 1933இல், ரீமன் கருதுகோள் (பகா எண்களோடு தொடர்புடைய, இன்னும் நிரூபிக்கப்படாத ஓர் ஊகம்) உண்மை என்று வைத்துக்கொண்டு, 10இன் தலையில் 10, அதன் தலையில் 10, அதன் தலையில் 34 என்ற அளவுக்குள் நடந்துவிடும் என்றார். இன்று அது 1.397 × 10³¹⁶ அருகே நடப்பது தெரியும். 317 இலக்கம், ஒரு தாளில் எழுதிவிடலாம். டியூஷனில் "நாலு உதாரணத்துக்குச் சரியாக வருகிறது, அப்படியானால் சரிதான்" என்று முடிக்கிற பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்வது என் வழக்கம்.

நேர்மாறாக, பெரிய எண் ஒரு சூத்திரத்துக்குப் பரீட்சை வைத்ததும் உண்டு. 4ஐக் கூட்டல்களாகப் பிரிக்க 5 வழிகள்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. 100ஐப் பிரிக்க 190,569,292 வழிகள். 200க்கு எத்தனை? 1918இல் நம் இராமானுஜனும் ஹார்டியும் வெளியிட்ட சூத்திரத்தில் முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டினால் 3,972,999,029,388.004 வருகிறது. கணித அறிஞர் மேஜர் மக்மஹோன் கையாலேயே, ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிப் பெற்ற சரியான விடை 3,972,999,029,388. நான்கு டிரில்லியனில் பிசகு 0.004. சிறிய எண்ணில் சரியாக வந்திருந்தால் தற்செயல் என்றிருப்பார்கள்.

அன்றாடப் பயனுக்கு வங்கிச் செயலி போதும். இரண்டு பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கிய விடையிலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பது கடினம் என்பதன் மேல் 1977இல் கட்டப்பட்டது ஆர்எஸ்ஏ மறையாக்கம், செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் ஒரு முறை. இணையச் சான்றிதழ்களில் பரவலாக இருப்பது 617 இலக்க எண். 2020இல் ஆய்வாளர்கள் 250 இலக்க எண் ஒன்றை உடைத்தார்கள். கணினியின் ஒரே ஒரு கணிப்புக் கருவிடம் (core) விட்டிருந்தால் சுமார் 2,700 ஆண்டு பிடித்திருக்கும் வேலை. இங்கே தேவைப்படுவது ஓரளவு பெரிய எண்தான். 2024இல் கண்டுபிடிக்கப்பட்ட, 41,024,320 இலக்கங்கள் கொண்ட பகா எண்ணுக்கு மறையாக்கத்தில் வேலையில்லை. அது ஒரு விளையாட்டு, விளையாட்டும் இருக்கட்டுமே.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது கடைசியாக. 1944இல் ரூபன் குட்ஸ்டைன் ஒரு வரிசையைக் கொடுத்தார். 4ஐ எடுங்கள், 2இன் அடுக்காக எழுதினால் 2². எல்லா 2களையும் 3 ஆக்குங்கள்: 3³ = 27. ஒன்றைக் கழியுங்கள்: 26. அதை 3இன் அடுக்குகளில் எழுதுங்கள்: 2×3² + 2×3 + 2. இப்போது அடிமானமாக நிற்கும் 3களை 4 ஆக்கி ஒன்றைக் கழித்தால் 41. அடுத்து 4ஐ 5 ஆக்கினால் 60, பிறகு 83, 109. ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு தடவையும் நாம் கழிப்பது வெறும் ஒன்று. இது எங்கே போய் முடியும்?

சுழியத்தில் முடியும். எந்த எண்ணில் தொடங்கினாலும் முடியும். 4இல் தொடங்கினால் அதற்கு ஆகும் படிகளின் எண்ணிக்கையே 121 மில்லியனுக்கு மேற்பட்ட இலக்கங்கள் கொண்டது. நிரூபணத்தின் தந்திரம் இது: அடிமானத்தை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டு, கணித அறிஞர் கேண்டரின் முடிவிலி எண்ணை அங்கே வையுங்கள். 2ஐ 3 ஆக்குவது அந்த நிழல் எண்ணைத் தொடுவதே இல்லை, ஏனென்றால் அடிமானம் இருந்த இடத்தில் முன்னும் பின்னும் அதே முடிவிலிதான். ஒன்றைக் கழிப்பது மட்டும் அதைக் குறைக்கிறது. அப்படிப்பட்ட எண்கள் முடிவில்லாமல் இறங்கிக்கொண்டே இருக்க முடியாது என்று கேண்டர் காட்டியிருக்கிறார். ஆகவே ஒருநாள் தரை தட்டும்.

1982இல் லாரி கர்பியும் ஜெஃப் பாரிஸும் இதற்கு மேல் ஒன்றைக் காட்டினார்கள். கூட்டல், பெருக்கல், தொகுத்தறிதல் (ஓர் எண்ணுக்கு உண்மையென்றால் அடுத்ததற்கும் உண்மை என்று படிப்படியாக ஏறும் முறை) மட்டும் கொண்ட சாதாரண முழு எண் கணிதத்தின் அடிப்படை விதிகளால் இந்த உண்மையை நிரூபிக்கவே முடியாது. காரணம் படிகளின் எண்ணிக்கைதான். தொடக்க எண்ணைக் கூட்டக் கூட்ட அந்த எண்ணிக்கை வளரும் வேகம், அந்த விதிகள் உறுதி சொல்லக்கூடிய எந்த வேகத்தையும் தாண்டிவிடுகிறது. முழு எண்களைப் பற்றிய ஓர் உண்மைக்கு, முடிவிலியைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. ஒரு நிரூபண முறை எதுவரை எட்டும் என்பதை அளக்கப் பேரெண்ணைத் தவிர வேறு அளவுகோல் எனக்குத் தெரிந்து இல்லை. உங்கள் மகளின் இரண்டாவது கேள்விக்கு நான் முதலில் சொல்லும் பதிலும் இதுவே.

அவளிடம் கொடுக்கும்போது 4இல் தொடங்க வேண்டாம், 3இல் தொடங்கச் சொல்லுங்கள். 3, 3, 3, 2, 1, 0 என்று அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். நடுவில் ஓர் இடத்தில் அடிமானம் எண்ணைவிடப் பெரிதாகி, மாற்றுவதற்கு ஒன்றும் இல்லாமல் போகும். அந்த இடத்தை அவளே கண்டுபிடித்துவிட்டால், 4உம் ஏன் இறங்கித்தான் ஆக வேண்டும் என்பது பாதி விளங்கிவிடும்.